கடைக்காரர் திறந்து கொடுத்த ஜிமெயில்

றேணுகாவின் போனில் ஒரு நம்பரை அழுத்தினால் அது யோசிக்கும். கமராவைத் திறந்தால் உறைந்துபோய் நிற்கும். போதாக்குறைக்கு, இந்தப் பழைய போனில் இனி வாட்ஸ்அப் வேலை செய்யாது என்று ஓர் அறிவித்தலும் வந்து தொலைத்தது. போனைச் செய்த கம்பனியோ புது மென்பொருள் அனுப்புவதை எப்போதோ நிறுத்திக் கைகழுவிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தை மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் ஒரு போன் கடைக்காரர். கண்டிப் பக்கம் கலஹா டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேரெதிரே கணேஸின் கடை. றேணுகா இந்தப் போனை வாங்கியதே அங்கேதான், கல்யாணப் பேச்செல்லாம் எழுவதற்கு வெகு முன்னால். "புதுசு ஒண்ணு எடுத்துக்கங்களேன் றேணு" என்று அவரும் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனார். பரிசம் போட்டாலும் தாலி ஏறும்வரை மாப்பிள்ளை கையால் ஒரு கவர்கூட வாங்க மாட்டேன் என்பது றேணுகாவின் வீம்பு. அந்த வீம்பு அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் வீம்பு இன்னும் கொஞ்சம் கூடியது.

அவள் மனதில் வேறொரு திட்டம் இருந்தது. கம்பனி போட்ட மென்பொருளைத் தூக்கிக் கடாசிவிட்டு, யாரோ நல்ல மனசுக்காரர்கள் செய்து இலவசமாக விட்டிருக்கும் புது ஆண்ட்ராய்டைத் தானே போடுவது. கூடவே போனை ரூட் பண்ணுவது. அதாவது, கம்பனி கையில் இருக்கும் கடைசி அதிகாரத்தையும் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்வது. அப்புறம், அழிக்கவே முடியாது என்று குந்திக்கொண்டிருக்கும் கம்பனி ஆப்களையெல்லாம் ஒரே தட்டில் துரத்திவிடலாம். முடித்துக்கொண்டுபோய் கணேஸின் கண்முன்னே நீட்ட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கடையில் நானும் உட்காரலாமா என்று கேட்க வேண்டும். அவர் முகம் போகும் போக்கை நினைத்து நினைத்து அவள் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனதுண்டு.

அவள் வேலை செய்தது பேராதனையில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்கில். டொக்டர் ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு பின்னேரம்தான் வருவார். பகலில் றேணுகாவும் ஸுமைராவும் மட்டும். போன் அடித்தால் எடுப்பது, நம்பர் கொடுப்பது, டெட்டோல் போட்டுத் துடைப்பது. மீதி நேரமெல்லாம் பேச்சு. ஸுமைராவின் வீடு கெலிஓயாப் பக்கம். வீட்டை விட்டு இறங்கும்போது கட்டிய ஸ்கார்ஃபை, கிளினிக்கில் ஆம்பிளைகள் யாரும் இல்லாவிட்டாலும் கழற்றாத பெண். அவளுடைய போனும் கணேஸ் கடைப் போன்தான். "எங்க ஆளோட கடைங்க, ஏமாத்த மாட்டாரு" என்று கூட்டிக்கொண்டுபோய் வாங்கிக் கொடுத்ததே றேணுகாதான்.

அன்றைக்கு வெளியே மழை அடித்துக் கொட்டியது. நோயாளிகள் ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் றேணுகா டொக்டரின் பழைய லெப்டொப்பை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிற ஆள் இல்லை அவள். வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தன் மொடலுக்கென்றே செய்த கோப்பா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து வைத்திருந்தாள். பெற்றரி நிறையச் சார்ஜ் ஏற்றியிருந்தாள். பூட்லோடர் என்கிற பூட்டைத் திறந்த அடுத்த நொடி போனில் உள்ள அத்தனையும் அழிந்துபோகும் என்பதால், தன் படங்களையெல்லாம் முதலிலேயே லெப்டொப்புக்கு மாற்றிவிட்டாள். கேபிளை யாரும் தட்டிவிடக் கூடாதென்று ஸுமைராவின் கதிரையை எட்டத் தள்ளி வைத்தாள்.

"போன் செத்துப் போனா என்ன செய்ற?" என்றாள் ஸுமைரா.

"வாயக் கழுவுங்க. நெருப்புல கை வைக்கிற மாதிரி இருக்கு எனக்கு."

பூட்டுத் திறந்தது. போன் துடைத்த பலகையாயிற்று. புது ஆண்ட்ராய்டு ஏறியது. ரூட் கோப்பும் ஏறியது. கறுத்த திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில், பளிச்சென்று ஒரு வெள்ளைத் திரை வந்து எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. ஸுமைரா கைதட்டினாள். றேணுகாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இனி இந்தப் போன் முழுக்க முழுக்க என்னுடையது என்று நினைத்தாள், பாவம்.

அடுத்து அது ஜிமெயில் கேட்டது. அதற்கென்றே போன் வந்த பெட்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் கணேஸ் நீல மார்க்கரால் எழுதிக் கொடுத்த ஜிமெயிலும் பாஸ்வேர்டும் அப்படியே இருந்தன. கலஹாவில் ஜிமெயில் என்பது கடைக்காரர் திறந்து கொடுப்பது. போனோடு சார்ஜர் வருகிற மாதிரி அதுவும் வரும். யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை.

அடித்தாள். உள்ளே விட்டது. திரையில் வரிசையாக ஐகன்கள் வந்து நின்றன. நாலு நிறத்தில் காற்றாடி மாதிரி ஒன்று இருந்தது, படங்களைக் காட்டுகிற ஆப். இத்தனை வருடத்தில் தன் போனில் இதைப் பார்த்த ஞாபகமே அவளுக்கு இல்லை. தட்டினாள்.

முதலில் வந்தது ஒரு குழந்தை. யாருடைய குழந்தை என்று தெரியவில்லை. பிறகு ஒரு பிறந்தநாள் கேக். ஏதோ ஒரு தோட்டத்துத் திருவிழா. கட்டிலில் படுத்திருக்கும் ஒரு கிழவர். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும். குளித்துவிட்டுத் தலையில் துவாயோடு கண்ணாடி முன்னால் நிற்கிற ஒரு பெண். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஊர் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது.

"வைரஸா புள்ள?" என்று கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள் ஸுமைரா.

தான் ஏற்றிய கோப்பில்தான் ஏதோ கோளாறு என்று றேணுகா பயந்துபோனாள். அப்போது ஸுமைரா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"நில்லுங்கோ. மேல போங்கோ. இன்னும் மேல."

ஸுமைராவேதான். வீட்டு நைட்டியோடு, இடுப்புவரை தொங்கும் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். தங்கச்சிக்காரி பின்னாலிருந்து சீப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்த படத்தில் உம்மா. அடுத்ததில் மறுபடியும் அவள்.

"யா அல்லாஹ்! இது எங்கட வீட்டு ரூமு. எப்புடி ஒங்கட போன்ல ஈக்கிது?" ஸுமைரா தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த றேணுகாவே அவளுடைய தலைமுடியை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஸுமைராவின் போனை வாங்கி உள்ளே தேடினாள். அதே ஜிமெயில். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. சட்டென்று எல்லாம் விளங்கியது. கடையிலிருந்து போன அத்தனை போனுக்கும் ஒரே ஜிமெயில், ஒரே பாஸ்வேர்ட். யார் படம் எடுத்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிகிறது.

"லேசுக்காகச் செஞ்சிருப்பாரு ஸுமைரா. அவருக்கே தெரிஞ்சிருக்காது." வாய் தானாகச் சொல்லியது. கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு வக்காலத்து வாங்க அவள் யோசிக்கவே இல்லை.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இத்தனை நாள் வீடியோ பார்த்த கை அல்லவா. ஸுமைராவின் போனைத் தோண்டிப் பார்த்தால், ஒருவர் நம்பர் இன்னொருவர் போனில் போய்க் கலக்காதபடி நம்பர்கள் போகிற சுவிட்ச் மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. கலந்திருந்தால் அன்றைக்கே ஊர் கண்டுபிடித்திருக்கும். படங்கள் போகிற சுவிட்ச் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. காற்றாடி ஐகன் திரையில் தெரியாதபடி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் இடம் எப்போதோ நிரம்பி, மாதாமாதம் காசு கட்டி இடம் கூட்டப்பட்டிருந்தது. லேசுக்காகச் செய்கிறவன் எதற்காகக் காசு கட்டுகிறான்?

"யாரெல்லாம் பாத்தீக்கிறாங்க?" ஸுமைரா அழவில்லை. அழுதிருந்தால் றேணுகாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீங்க சொல்லித்தானே நான் அங்க வாங்கின."

றேணுகா ஸுமைராவின் போனிலிருந்து அந்த ஜிமெயிலை நீக்கினாள். அவளுடைய படங்களைத் தேடித்தேடி அழித்தாள். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, கணேஸின் நம்பரையும் அதிலிருந்து நீக்கி, மற்ற எல்லாப் போன்களையும் வெளியே தள்ளினாள். தனக்குத் தலையிடி என்று டொக்டரிடம் சொல்லும்படி ஸுமைராவிடம் சொல்லிவிட்டுக் கலஹா பஸ்ஸில் ஏறினாள். கணேஸ் இதையெல்லாம் பார்த்தாரா இல்லையா? பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அதை நம்பும்படியும் சொல்லிவிட்டால், தை மாதம் கல்யாணம். அந்த வார்த்தைக்காகத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள்.

கடையில் கணேஸ் தனியாக லெப்டொப் முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க றேணு. யாரோ கடை ஜிமெயில ஹேக் பண்ணிட்டானுங்க. உள்ள போகவே முடியல."

"நான்தாங்க மாத்தினேன்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் தன் போனைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். புது மென்பொருள் போட்டதை எப்படியெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள், ஒரே வரியில் சொல்லி முடித்தாள்.

"நம்ம சனங்க எங்கங்க பாஸ்வேர்ட ஞாபகம் வச்சிக்கிறாங்க?" என்று ஆரம்பித்தார் கணேஸ். "ஆளுக்கொண்ணு தொறந்து குடுத்தா, மறுநாளே மறந்துட்டேன்னு வந்து நிப்பாங்க. அதான் எல்லாருக்கும் ஒண்ணையே போட்டேன். கெட்ட எண்ணமில்ல."

அது உண்மைதான். அந்த டவுனில் ரிப்பேருக்குப் போன் கொடுக்கிறவர்கள் பின் நம்பரைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"சரிங்க. அப்பறம் ஐகன ஏன் ஒளிச்சீங்க? காசு கட்டி ஏன் எடம் கூட்டினீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"பாத்தீங்களா?"

"மத்தவங்களோடத சும்மா மேலாலதான் பாத்தேன்." குரல் தணிந்தது. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது அந்த முகத்தில் இருந்தது வெட்கம்கூட இல்லை, பாசம். "ஒங்களோடதத்தான் முழுசாப் பாத்தேன்."

றேணுகா மேசையை விட்டு ஓரடி பின்னால் போனாள்.

"கோவிச்சுக்காதீங்க. கல்யாணம்னா பொண்ண விசாரிக்கத்தானே செய்றாங்க? டிஸ்பென்சரியில கேப்பாங்க, புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளமடுவத்துல கேப்பாங்க, பஸ் கண்டக்டர்கிட்டகூடக் கேப்பாங்க. ஒங்க பேர ஊரு வாயில போட எனக்கு மனசில்ல. அதான் நானே பாத்துக்கிட்டேன். ஒரு பையன் படம்கூட இல்லீங்க ஒங்க போன்ல. அதுக்கப்பறந்தான் எங்கம்மாவ ஒங்க வீட்டுக்கு அனுப்பினேன்."

பரிசு கொடுக்கிறவர் போல அவர் அதைச் சொன்னார். தான் செய்ததில் எங்கே பிழை என்று உண்மையிலேயே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. றேணுகாவை நடுங்க வைத்ததே அதுதான். அவள் தனியாக இருக்கும்போதெல்லாம் அவர் அந்த அறைக்குள் இருந்திருக்கிறார். கண்ணாடி முன்னால் அவள் முகத்தைக் கோணிக்காட்டி எடுத்த படங்கள், பெரியம்மா செத்த அன்று அழுது வீங்கிய கண்ணை எடுத்த படம், எல்லாவற்றிலும் இருந்திருக்கிறார்.

"நீங்க எவ்வளவு நல்லவங்கன்னு எனக்குத் தெரியும் றேணு. ஒங்கம்மாவுக்கு நெஞ்சுல கட்டி வந்தப்ப எப்புடிப் பாத்துக்கிட்டீங்க! அப்பத்தான் முடிவே பண்ணினேன். கட்டினா இவங்களத்தான்னு."

அம்மாவின் கட்டி விஷயம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அம்மா, றேணுகா, கண்டியில் இருக்கும் லேடி டொக்டர். ஆம்பிளை டொக்டருக்குக் காட்டுவதைவிடச் செத்துப்போகலாம் என்று அம்மா மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருந்த கட்டி அது. படம் எடுத்துக்கொண்டுபோய் லேடி டொக்டருக்குக் காட்டுகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலில் சாறியைத் தொங்கவிட்டு, "வேற யாரும் பாக்க மாட்டாங்களே புள்ள?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அம்மா மாராப்பை எடுத்தாள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று றேணுகா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். நல்ல வேளையாக வெறும் கொழுப்புக்கட்டிதான். லேடி டொக்டரே எடுத்துவிட்டார்.

றேணுகா போனை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"றேணு, பாஸ்வேர்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க! இது வெளிய தெரிஞ்சா கடை போயிரும். நம்ம கடைங்க!"

'நம்ம' என்ற அந்த ஒரு சொல் முதுகில் வந்து விழ, அவள் நடையை எட்டிப் போட்டாள். மழையில் நனைந்துகொண்டே, வீடிருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஏறினாள்.

அம்மா மூக்காயி கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீடு, அவர்கள் இரண்டு பேர்தான். றேணுகா எல்லாவற்றையும் சொன்னாள். ஊர்ப் படங்கள், ஸுமைராவின் படம், தன் படங்கள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

"அடப் பாவி!" என்று மூக்காயி வாயில் கை வைத்தாள். பிறகு துவாயால் முகத்தைத் துடைத்தாள். அந்தத் துடைப்பிலேயே தாய்க்காரியின் கணக்கு ஆரம்பித்துவிட்டது.

"மத்தவங்க படத்தப் பாத்தது தப்புதான். கூப்புட்டு நாலு வார்த்த கேப்போம். ஆனா ஒன்னோடத பாத்தா என்னா புள்ள? கட்டிக்கப் போறவருதானே? பாத்துட்டும் வேணான்னு சொல்லலயே. பொண்ணு நல்ல பொண்ணுன்னுதானே வந்து கேட்டாரு."

"அம்மா!"

"என்னா அம்மா? பரிசம் போட்டு ஊரே சாப்புட்டுட்டுப் போயிருச்சு. இப்ப வேணான்னா அந்தப் பையன் பேரா கெடும்? ஒன் பேருதான் கெடும். ஒன் படத்துல என்னமோ இருந்துச்சுன்னு கத கட்டுவாங்க."

அதுவும் நடக்கக்கூடியதுதான். அம்மாவை மறித்து நிறுத்த றேணுகாவிடம் ஒரேயொரு வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் கல்யாணம் அந்த நிமிஷமே நின்றுவிடும். ஆனால் அதற்கப்புறம் அம்மா இந்த லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய இந்த வீட்டு வரிசையில், எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? சொல்லாவிட்டால், அந்த மனிதரோடு காலம் முழுக்க ஒரே வீட்டில்.

"ஏன் புள்ள ஊமச்சி மாதிரி நிக்கிற? நான் கேக்குறேன்ல. ஒன் போன்ல அப்புடி என்னா..."

மூக்காயி பாதியில் நிறுத்தினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கை மெல்ல மேலே போய் நெஞ்சில் நின்றது.

"அன்னைக்குப் படம் எடுத்தது இந்தப் போனுலதானே?"

றேணுகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம் படமும் அதுல இருந்துச்சா?"

லயத்தின் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. றேணுகாவுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. கதவுகூடச் சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் மூக்காயி முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிச் சுற்றிக்கொண்டு, கதிரையில் சுருண்டு உட்கார்ந்தாள். தன் உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவள் போல இருந்தாள்.

"போன கெழம கறி குடுத்தனுப்பினேனே அந்தப் பையனுக்கு," என்றாள். "வாசல்ல நின்னு அத்தைன்னு கூப்புட்டுப் பேசினானே. என் மூஞ்சியப் பாத்துப் பேசினானே புள்ள."

றேணுகா அவள் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நான் சத்தியம் பண்ணினேம்மா. நான்தான் சத்தியம் பண்ணினேன்."

மூக்காயி மகளின் ஈரத் தலையில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, பரிசச் சேலையையும் அதோடு வந்த தட்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். சேலையை அவசரமில்லாமல் மடிப்புக் கலையாமல் பேப்பரில் சுற்றினாள்.

"எழும்பு. மொகத்தக் கழுவு. வெளக்கு வைக்க முந்தி அவங்க வீட்டுல குடுத்துட்டு வந்துருவோம்."

"ஊருல இருக்க பொம்பளைங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்மா. அவங்க படமெல்லாம் இன்னும் அதுலதான் இருக்கு."

"சொல்லுவோம். நானும் வாறேன்." தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூக்காயி வாசலுக்கு வந்தாள். பின்னால் வந்த மகளின் கையைப் பார்த்ததும் நின்றாள்.

"அந்தப் போன வீட்டுல வச்சுட்டு வா புள்ள."